அப்புறம் மிஸ்

என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அப்புறம் மிஸ். அது அவளுக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் வருஷமே அவளுக்குத் தெரியும். தெரிந்த அன்று வீட்டுக்கு வந்து, சம்பள உயர்வு கிடைத்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். கேலி செய்கிறார்கள், இதில் உனக்கென்ன சந்தோஷம் என்று கேட்டேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னைப் பார்த்து, "அப்புறம்?" என்றாள்.

அவள் பழக்கமே அதுதான். யார் என்ன சொன்னாலும் சரி என்றும் சொல்ல மாட்டாள், தப்பு என்றும் சொல்ல மாட்டாள். "அப்புறம்?" என்பாள். சொன்னவர் மேற்கொண்டு ஏதாவது சொல்லியாக வேண்டும். அவர் சொல்கிறவரை அவள் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருப்பாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறாள், பதினேழு வருஷமாக. அவளிடம் படித்தவர்களில் எத்தனை பேர் டாக்டர் ஆனார்கள், எத்தனை பேர் இன்ஜினியர் ஆனார்கள் என்கிற கணக்கெல்லாம் என்னிடம் கிடையாது. அவளிடம் படித்தவர்கள் வாயடைத்துப்போய் நிற்பதை மட்டும் நான் பார்த்ததில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். இது அவள் கதைதான், ஆனால் எழுதுகிறவன் நான் என்பதால் நடுநடுவே நானும் வருவேன். பிடிக்காதவர்கள் படிக்கட்டில் ஏறிக்கொள்ளலாம்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்புவரை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் இல்லை, கோபம்தான் கொஞ்சம் உண்டு. எங்கள் அறிவியல் வாத்தியார் என்னை எழுப்பிக் கேள்வி கேட்பார். நான் யோசிக்க ஆரம்பிப்பேன். எனக்கு யோசனை மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். அது வந்து சேருவதற்குள் "உட்காரு, அடுத்தவன்" என்று சொல்லிவிடுவார். வருஷம் முழுக்க உட்கார்ந்துகொண்டே இருந்தேன். வருஷக் கடைசியில் எழுந்து வெளியே வந்தவன்தான், திரும்பிப் போகவில்லை. லிஃப்ட்டுக்கு அந்த அவசரம் இல்லை. பழுதான லிஃப்ட் நான் யோசித்து முடிக்கிறவரை பேசாமல் நிற்கும்.

அப்படி நின்ற ஒரு லிஃப்ட்டுக்குள்தான் இவள் இருந்தாள். கடைகள் நிறைந்த ஒரு கட்டடம், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் பெட்டி மாட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே மூன்று பேர். ஒருவர் கத்திக்கொண்டிருந்தார், ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தார். மூன்றாவது குரல் மட்டும் கதவிடுக்கு வழியாக, கயிறு அறுந்துவிடுமா என்று நிதானமாகக் கேட்டது. அறுந்தாலும் விழாது, பெட்டிக்கு அடியில் இருக்கிற கவ்வி பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். "அப்புறம்?" என்றது. மேலே மோட்டாரிலும் ஒரு பிரேக் உண்டு, கரண்ட் இருந்தால்தான் அது விடும், கரண்ட் போனால் தானாகக் கவ்விக்கொள்ளும் என்றேன். "அப்புறம்?" நாற்பது நிமிஷம். கத்தினவரும் அழுதவரும் அமைதியாகிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கதவைத் திறந்து அவர்களை வெளியே இறக்கியபோது, என் வாழ்க்கையில் மொத்தமாகப் பேசியதைவிட அன்றைக்கு அதிகம் பேசியிருந்தேன். எட்டு மாதத்தில் கல்யாணம் ஆனது.

அவளுடைய வகுப்பை நான் மாதம் ஒருமுறை பார்ப்பேன். அந்தப் பள்ளிக்கூடத்து லிஃப்ட் எங்கள் கம்பெனி பராமரிப்பில் இருக்கிறது, இரண்டாம் மாடியில் லிஃப்ட்டுக்கு அடுத்த அறைதான் அவளுடையது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் உண்டு. எண்ணெய் போடுகிற சாக்கில் அதன் வழியாக எட்டிப் பார்ப்பேன். முப்பத்தாறு பிள்ளைகள், முப்பத்தாறு டேப்லெட், சுவர் அகலத்துக்குத் தொடுதிரை. இவள் இந்தச் சாமான்களைக் கண்டு மிரண்டவள் இல்லை. டேப்லெட் வந்த முதல் வாரமே எல்லா பட்டனையும் அமுக்கிப் பார்த்து, இரண்டைப் பழுதாக்கி, மூன்றாவதில் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஐஸ் கட்டி மிதந்துகொண்டிருந்தது. அது உருகி முடிந்தால் தண்ணீர் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா என்று கேள்வி. பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல் டேப்லெட்டில் ஆளுக்கொரு ஓட்டுப் போட்டார்கள். திரையில் மூன்று கம்பங்கள் எழும்பின. ஏறும் என்று இருபது, இறங்கும் என்று ஐந்து, அப்படியே இருக்கும் என்று பதினொன்று. எது சரி என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரைத் தன் கட்சிக்கு இழுக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐயோ, அந்த அறையில் எழுந்த சத்தம். ஒரு டேப்லெட் மட்டும் டம்ளரைப் பார்த்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் கழித்து அதை வேகமாக ஓட்டிக் காட்டினார்கள். ஐஸ் காணாமல் போனது, மட்டம் அசையவில்லை. பதினொரு பேர் மேஜையைத் தட்டினார்கள். அவள் அவர்களைப் பார்த்து, ஏன் அசையவில்லை என்று கேட்டாள். தட்டின கைகள் அப்படியே நின்றுவிட்டன. எனக்கும் விடை தெரியவில்லை. லிஃப்ட்டை மறந்து நின்றதில் ஐந்தாம் மாடிக்காரர்கள் என்னைத் திட்டினார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கேதான் போன வருஷம் ஒரு கட்டை விழுந்தது. பிரின்சிபால் அம்மா கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எண்களை நம்புகிறவர். ஒன்பதாம் வகுப்பில் ஆறு பிரிவு, அறிவியலுக்கு மூன்று ஆசிரியர்கள். மூவரும் பருவம் முழுக்கப் பாடங்களைப் பேசி வீடியோவாகப் பதிவேற்ற வேண்டும், பிள்ளைகள் டேப்லெட்டில் பார்ப்பார்கள். பருவத்தின் கடைசி வாரத்தில் யாருடைய வீடியோவைக் கடைசிவரை பார்க்கிறவர்கள் அதிகமோ, அவர் பாடம்தான் அடுத்த பருவத்திலிருந்து ஆறு பிரிவிலும் பெரிய திரையில் ஓடும். மற்ற இருவரும் வகுப்பறைப் பொறுப்பாளர்கள். பொறுப்பாளர் என்றால் வருகை எடுப்பது, சார்ஜ் இறங்கின டேப்லெட்டை மாற்றிக் கொடுப்பது, பேசுகிறவர்களை முறைப்பது. சம்பளத்தில் ஒரு காசு குறையாது என்று பிரின்சிபால் அம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாராம்.

"சம்பளம் குறையாதுங்க," என்று இவள் அன்றைக்கு என்னிடம் சொன்னாள். "ஆனா முப்பத்தாறு பிள்ளைங்க முன்னாடி வாயைத் திறக்காம நிக்கணும். என்னால அது முடியாது."

வாயைத் திறக்காமல் நிற்பதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாய் என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் படுக்கையறை ஸ்டூடியோ ஆனது. பீரோவின் மேல் ஒரு வெள்ளைப் போர்வை, அதன் முன்னால் அவள். போன் வைக்கிற தாங்கி எங்கள் போனின் கனத்தில் தலை கவிழ்ந்துகொண்டே இருந்ததால் தாங்கி வேலையும் எனக்கே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே சோம்பல் முறிக்கும்போது நான் கையை நீட்டிக்கொண்டு சிலையாக நிற்பேன். அவள் பாடம் நடத்துவாள், நடுவில் கேள்வி கேட்பாள், "அப்புறம்?" என்று சொல்லிவிட்டு எதிரில் முப்பத்தாறு பேர் இருப்பது போலக் காத்திருப்பாள். நான் மனசுக்குள் எண்ணுவேன். லிஃப்ட் கதவு எத்தனை நொடி திறந்திருக்கிறது என்று எண்ணியே பழகின மண்டை இது. பெரும்பாலும் பதினோரு நொடி. ஏழாவது நொடியில் எனக்குத் தோள் வலிக்க ஆரம்பிக்கும்.

மற்றவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வருஷமான இளைஞர், ஆசிரியர் அறையில் அவருக்கு சுறுசுறுப்பு சார் என்று பெயர். அவர் வீடியோவில் ராக்கெட் பறக்கும் (எனக்கு அவர் ராக்கெட் சார்தான்), அவரே இரண்டு பேராக வந்து தன்னோடு தானே சண்டை போடுவார். மூன்றாமவர் ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிற மூத்த மிஸ். எனக்கு எது நடந்தாலும் சரிதான் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை அப்படியே வாசித்துப் பதிவேற்றிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எண்கள் வரும். ராக்கெட் சார் நூற்றுக்கு எழுபது. மூத்த மிஸ் நாற்பது. என் மனைவி முப்பத்தொன்று. அடுத்த வாரம் இருபத்தாறு. இரண்டாவது நிமிஷத்தைத் தாண்டுவதற்குள் பாதிப் பிள்ளைகள் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று ஒரு கோடு கீழே சரிந்து காட்டும். அவளுடைய சொந்த வகுப்புப் பிள்ளைகளும் போகிறார்கள். நேரில் இருந்தால் மணி அடித்த பிறகும் எழுந்திருக்காத பிள்ளைகள் அவர்கள்.

அவள் அழவில்லை, புலம்பவில்லை. ஆறாவது வீடியோவுக்குப் பிறகு ஒருநாள், வேலையில் நடந்த ஒரு தகராறை நான் சாப்பிடும்போது சொன்னேன். "சரிங்க" என்றாள். உருட்டின சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பதினாறு வருஷத்தில் என்னிடம் அவள் ஒருதரம்கூடச் சரிங்க என்று பேச்சை முடித்ததில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் அப்புறம் என்கிற சொல்லே கேட்கவில்லை. அதை நான் இவ்வளவு தேடுவேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த வாரம் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. மதியம் மொட்டைமாடி மெஷின் ரூமில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தபோது, அவள் வீடியோவை நாமும்தான் பார்ப்போமே என்று தோன்றியது. எடுத்தவன் நான், முடிந்த வடிவத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. போட்டேன். அவள் பேசினாள், கேள்வி கேட்டாள், "அப்புறம்?" என்றாள். பதிலை நினைக்க நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். வைப்பதற்குள் அவள் அடுத்த பாடத்துக்குள் போயிருந்தாள். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன். "அப்புறம்?" என்று சொன்ன வாய் மூடுவதற்கு முன்னால் அடுத்த வாக்கியம் வந்து விழுந்தது. பெண்டாட்டியே என்னைப் பார்த்து "உட்காரு, அடுத்தவன்" என்று சொன்னது போல இருந்தது.

பன்னிரண்டு நிமிஷம் கை வலிக்க நின்றவன் நான். திரையில் ஏழு நிமிஷம் நாற்பது நொடி என்று போட்டிருந்தது. மீதி எங்கே போனது? நான் எண்ணின அந்தப் பதினோரு நொடிகளில் ஒன்றுகூட அதில் இல்லை.

அன்று மாலை அவளை உட்காரவைத்துக் காட்டினேன். போனில் இருந்த அசலையும் பதிவேற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினோம். பதிவேற்றிய கையோடு அவள் ஒன்றையும் திருப்பிப் பார்த்ததில்லை, தன் முகத்தைத் திரையில் பார்க்கக் கூச்சம். இப்போது பார்த்தாள். "ஐயோ, என்னங்க இது, நான் யாரையும் மூச்சுகூட விட விடலையே," என்றாள். அப்புறம் சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகள் ஓடிப்போனது அவளைப் பிடிக்காமல் இல்லை என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்துக் கணினிப் பிரிவில் இருக்கும் தம்பியிடம் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. பதிவேற்றுகிற செயலி, பேச்சில்லாத இடங்களைத் தானாகவே வெட்டிவிடும். வீணாகிற நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி அது, இதற்காகக் கூடுதலாகப் பணம் கட்டியிருக்கிறோம் என்று தம்பி பெருமையாகச் சொன்னானாம். அதை நிறுத்த முடியுமா என்றால், பள்ளிக்கு முழுதுமாகப் போட்ட அமைப்பு, கம்பெனிக்குத்தான் எழுத வேண்டும். எழுதினார்கள். முப்பது வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கிறோம் என்று உடனே பதில் வந்தது. பருவம் முடிய இருந்ததே ஐந்து வாரம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் தொழிலிலும் இந்தப் பைத்தியம் உண்டு. ஒரு குடியிருப்புச் செயலாளர், கதவு ஆறு நொடி சும்மா திறந்து நிற்கிறது, வீண், இரண்டாகக் குறை என்று ஒற்றைக் காலில் நின்றார். குறைத்தேன். மூன்றாம் நாள் ஒரு பெரியவரின் கைத்தடி கதவில் மாட்டிக்கொண்டது. ஆறுக்கே திருப்பி வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன், இவளிடமும் அன்றைக்கு அதையே சொன்னேன்:

"கதவு திறந்து நிக்கிறது வீண் இல்ல. அந்த நேரத்துலதான் ஆள் உள்ள வர்றாங்க."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அப்புறம்?" என்றாள். வீட்டுக்கு அந்தச் சொல் திரும்பி வந்துவிட்டது.

அப்புறம் என்ன, பேச்சில்லாத இடத்தைத்தானே வெட்டுகிறது, சத்தத்தை வைத்து அடைத்துவிடுவோம் என்றேன். முதலில் மின்விசிறியை வேகமாக ஓடவிட்டோம். செயலி கெட்டிக்காரச் செயலி, காற்றுச் சத்தத்தை முதலில் துடைத்துவிட்டு அப்புறம் நிதானமாக வெட்டியது. நான் வாயால் முனகிப் பார்த்தேன். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்து பாடமே நின்றுபோனது. கடைசியில் கைகொடுத்தது ஒரு பழைய அலாரம் கடிகாரம். டக் டக் என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குச் சத்தம் போடும், அதனாலேயே துணிக்கு அடியில் புதைத்து வைத்திருந்தோம். அதைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் கடிகாரம். செயலியால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. பதினோரு டக்கும் அப்படியே பதிவாகியிருந்தன.

ஏழாவது வீடியோ ஐம்பத்திரண்டுக்கு ஏறியது. கேள்வி வந்து டக் டக் கேட்டால் பதில் நினைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தானாகப் புரிந்துவிட்டது. எட்டாவது அறுபத்தைந்து. ஒன்பதாவதில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அந்த வாரப் பாடத்தில் லிஃப்ட் வந்தது. எடை பார்க்கிற மெஷினை லிஃப்ட்டுக்குள் வைத்து அதன்மேல் ஒருவர் நிற்கிறார். லிஃப்ட் ஒரே வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அப்போது மெஷினில் அவர் எடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று கேட்டுவிட்டு அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். இருபத்தைந்து வருஷம் லிஃப்ட்டிலேயே வாழ்ந்தவன் முன்னால் இப்படி ஒரு கேள்வி. கையில் போன் இருப்பது மறந்துபோனது. "கூடும்," என்று ஓங்கிச் சொன்னேன். "கால்ல கனம் தெரியுமே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் வீடியோவை நிறுத்தவில்லை. கேமராவுக்கு மேலாக என் முகத்தைப் பார்த்து, வகுப்பில் பார்க்கிற அதே பார்வை, "அப்புறம்?" என்றாள். கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பதினோரு நொடிக்குப் பிறகு, வகுப்பில் பேசுவோம் என்று முடித்துவிட்டாள். அதை அழி, வேறு எடுக்கலாம் என்று கெஞ்சினேன். நல்லா இருக்குங்க, இருக்கட்டும் என்று அப்படியே பதிவேற்றிவிட்டாள். என் மானத்துக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

எண்பத்தெட்டு. ஆறு பிரிவிலும் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள், அதில் நூறுக்கு எண்பத்தெட்டு பேர் கடைசிவரை பார்த்திருந்தார்கள். என் குரல் வந்த இடத்தில் கோடு மலை மாதிரி நின்றது, அத்தனை பேர் பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டிருக்கிறார்கள். அங்கிள் சொல்வது சரி என்று ஒரு கட்சி, தப்பு என்று ஒரு கட்சி. ஒரு பெண் தன் வீட்டு லிஃப்ட்டில் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறி, பக்கத்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். யார் அந்த அங்கிள் என்று கேட்டால் இவள் சொல்லவில்லையாம். நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டு முள் வைத்த எடை மெஷினைப் பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். அதில் என்ன பார்த்தேன் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

பத்தாவது வீடியோ தொண்ணூற்றொன்று. கடைசி வாரக் கணக்கில் அவளே முதல். பிரின்சிபால் அம்மா கூப்பிட்டுக் கைகொடுத்தார். அன்று நான் பிஸ்கட்டும் கேக்குமாக வாங்கிக்கொண்டு வந்தால், அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஜெயித்தவளுக்கு என்ன கிடைக்கும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. தோற்றால் வாயைத் திறக்கக் கூடாது என்று பயந்தோமே தவிர, ஜெயித்தால் வகுப்பே இல்லை என்பது எங்கள் மண்டைக்கு எட்டவில்லை. அவளுக்கு ஒரு தனி அறை, நல்ல விளக்கு, தலை கவிழாத தாங்கி. அங்கிருந்து அவள் ஆறு பிரிவுக்கும் பேச வேண்டும். அந்த அறையில் பதில் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். ராக்கெட் சார் ஆசிரியர் அறையில் வாழ்த்துச் சொன்னாராம். சொல்லும்போது அந்த முகம் அப்படி வெளுத்திருந்ததாம். இனி அவர்தான் சார்ஜர் கொடுக்கிறவர்.

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பத்து வீடியோவின் கோடுகளையும் வரிசையாகப் பிரதி எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். கோடு எங்கெல்லாம் உயரமாக இருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொன்னாள். பார்த்தார். அந்த இடங்களில் திரையில் என்ன நடக்கிறது என்று ஓட்டிக் காட்டினாள். ஒன்றுமே நடக்கவில்லை, ஒரு பெண்மணி பேசாமல் நின்றுகொண்டிருக்கிறாள், கடிகாரம் ஓடுகிறது. பிரின்சிபால் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பிள்ளைங்க என்னைப் பாக்கலை மேடம். காத்திருக்கிறதைப் பாக்கறாங்க," என்றாள் இவள். "எங்க வீட்டுக்காரர் சொல்வார், கதவு திறந்து நிக்கிற நேரத்துலதான் ஆள் உள்ள வர்றாங்கன்னு. வீடியோவால கேள்வி கேக்க முடியும். அந்தப் பிள்ளை முகத்தைப் பாத்துக் காத்திருக்க, அந்த அறையில ஒரு ஆள் வேணும். என்னை அங்கேயிருந்து எடுத்துடாதீங்க. மத்த ரெண்டு டீச்சரையும் எடுத்துடாதீங்க."

அவளுடைய யோசனை சின்னதுதான். யார் வீடியோ வேண்டுமானாலும் ஓடட்டும், ராக்கெட் பறக்கட்டும், ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் திரை தானாக நிற்க வேண்டும். அறையில் இருக்கும் ஆசிரியர் ஓட்டெடுத்து, சண்டை மூட்டி, காத்திருந்து, பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு மாதம் செய்து பார்த்து எண்களைக் காட்டுங்கள் என்றார் பிரின்சிபால் அம்மா. எண்கள் வந்தன. பொறுப்பாளர் பதவி பேச்சில்லாமல் காணாமல் போனது. முப்பது வேலை நாட்கள் எப்போதோ கழிந்துவிட்டன, செயலிக் கம்பெனியிலிருந்து இன்னும் பதில் இல்லை.

இதையெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். கடைசியாக நடந்தது என் கண் முன்னால் நடந்தது.

போன மாதம் லிஃப்ட் பராமரிப்புக்காகப் பள்ளிக்கூடம் போனேன். முதல் மாடியில் ராக்கெட் சார் வகுப்பு. திரையில் அவர் உருவமே இரண்டாக உறைந்து நிற்க, நிஜ சார் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. வாயைத் திறக்காமல் இருக்க மனுஷன் என்ன பாடுபடுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் மாடிக்குப் போய், வழக்கம்போலக் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை வைத்தேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். நான் நகர்வதற்குள் இவள் வந்து கதவைத் திறந்தாள். சட்டையில் கிரீஸ், தோளில் கருவிப் பை. "உள்ள வாங்க," என்றாள், பிள்ளைகள் பக்கம் திரும்பி, "கூடும்னு சொன்னது இவர்தான்," என்றாள். முப்பத்தாறு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பு. நான் எழுந்து வந்த அதே ஒன்பதாம் வகுப்பு. பை வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

தப்பாச் சொல்லிட்டேன் என்று ஆரம்பித்தேன். மெஷினை லிஃப்ட்டில் வைத்து ஏறிப் பார்த்தேன், என் எடை எண்பத்தொன்று. கிளம்பும்போது முள் எண்பத்தெட்டுக்குத் தாவியது. கொஞ்ச நேரத்தில் எண்பத்தொன்றுக்கே வந்து, நடுவில் பத்து மாடியும் அசையாமல் நின்றது. மேலே நிற்கப் போகிறபோது எழுபத்தைந்துக்கு இறங்கியது. இதைச் சொல்லிவிட்டு இறங்கி ஓடிவிடலாம் என்று பார்த்தேன்.

"அப்புறம்?" என்றாள்.

அப்புறம் எனக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்லியாகிவிட்டது, ஏன் என்று யோசித்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை. யாரும் எனக்கு முந்திக்கொண்டு கையைத் தூக்கவில்லை, அந்தப் பிள்ளைகளை அவள் அப்படிப் பழக்கியிருக்கிறாள். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவசரமே இல்லாத முகம். எங்கோ ஒரு மூலையிலிருந்து என் யோசனை மெதுவாக நடந்து வந்தது, வழக்கம்போலத் தாமதமாக. முள் தாவின இடம், நின்ற இடம், இறங்கின இடம். மேலே போவதால் இல்லை.

"வேகம் மாறுறப்ப மட்டும்தான் எடை மாறுது," என்றேன். "வேகம் மாறலைன்னா, எவ்வளவு வேகமாப் போனாலும் எடை மாறாது."

சரி என்று அவள் சொல்லவில்லை. அதைத் திரையில் எழுதினாள், நான் சொன்னதைச் சொன்னபடியே. பிறகு வகுப்பைப் பார்த்து "அப்புறம்?" என்றாள், பத்துப் பதினைந்து கைகள் மேலே எழுந்தன. நான் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே வந்து, லிஃப்ட் கதவைத் திறந்து, உள்ளே போய் மூடிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். நாற்பத்தாறு வயதில்தான் ஒரு வகுப்பறையில் எனக்காக ஒருவர் காத்திருந்தார். எத்தனை நொடி என்று அன்றைக்கு மட்டும் நான் எண்ணவில்லை.

ஐந்தாம் மாடியில் யாரோ பட்டனை அமுக்கினார்கள், மேலே போனேன்.